ஆத்தூர் சாரின் பிளாப்பிகள்

ஒரு சனிக்கிழமை காலை, தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், போலந்திலிருந்து ஒருவர் அனுப்பிய படம் என் போனுக்கு வந்தது. நாங்கள் செய்து விற்ற சர்க்யூட் போர்டின் படம். ஒரு மூலை கருகியிருந்தது. சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் புகை வந்ததாகவும், மெமரி கார்டு செத்துவிட்டதாகவும், கம்ப்யூட்டர் மட்டும் தப்பித்ததாகவும் எழுதியிருந்தார். கோபமாகக்கூட எழுதவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் தோழிக்குப் போன் போட்டேன்.

நாங்கள் இருவரும் திண்டுக்கல்லில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தடித்த கீபோர்டுக்குள்ளேயே மொத்த இயந்திரமும் அடங்கியிருக்கும். டிவியில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் நின்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்ப்போம். பல வருடம் கழித்து, நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு, அதே மாதிரியான ஒன்றைத் தோழி பழைய இரும்புக் கடையில் பார்த்து வாங்கி வந்தாள். அதைப் பிழைக்க வைத்தோம். அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் காலத்து பிளாப்பி வட்டுக்குப் பதில் மெமரி கார்டைச் சொருகிக்கொள்ளும்படி ஒரு சிறிய போர்டு வரைந்தோம். சர்க்யூட் என்னுடையது, புரோகிராம் அவளுடையது. இதே பைத்தியம் பிடித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பது இணையத்தில் போட்ட பிறகுதான் தெரிந்தது. பேகம்பூரில் அவளுடைய அப்பாவின், அவள் வாயில் அத்தாவின், தோல் கிடங்குக்கு மேலே ஒரு அறை. அங்கே உட்கார்ந்து போர்டில் பாகங்களை ஈயம் உருக்கி ஒட்டி, சால்டர் செய்து அனுப்புவோம். பார்சலைப் பிரித்தால் தோல் வாடை அடிப்பதாகப் பிரேசில்காரர் ஒருவர் எழுதியிருந்தார்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஏற்கெனவே லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தாள்.

"இங்க பாரு. பழைய ரெகுலேட்டரும் புதுசும். எழுத்து வேற மாதிரி இருக்கு பாத்தியா?"

கம்ப்யூட்டர் கொடுக்கும் ஐந்து வோல்ட்டை, மெமரி கார்டு தாங்குகிற அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது அந்தக் கறுப்புத் துண்டுதான். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. வழக்கமாக வாங்கும் இடத்தில் இருப்பு இல்லாததால், அந்தமுறை புதிதாக ஒருவரிடம் வாங்கியிருந்தோம். லென்ஸில் பார்த்தால் பழையதில் எழுத்து பொறித்திருந்தது; புதியதில் மேலே அச்சடித்திருந்தது. போலி. நன்றாகச் சூடேறினால் குறைக்கிற வேலையை விட்டுவிட்டு, ஐந்து வோல்ட்டையும் அப்படியே கார்டுக்குள் விட்டுவிடும்.

"இதுல எத்தன போர்டு வெளிய போயிருக்கு?" என்றேன்.

"மூணு. போலந்து. பிரேசில்காரரு ரெண்டாவதா கேட்டது, அது இன்னும் கஸ்டம்ஸ்ல கெடக்கு." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இன்னொண்ணு ஆத்தூர் சாருக்கு."

ஆத்தூர் சார் பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பார்வை கிடையாது. அவரிடம் இருந்ததும் அதே கம்ப்யூட்டர். கூடவே, அடிக்கிற எழுத்தைப் படித்துச் சொல்லும் ஒரு பேச்சுப் பெட்டி. தமிழ் தெரியாத பெட்டி அது. அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார். அது வெள்ளைக்காரன் தமிழ் பேசுவதுபோல, அதுவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல வாசிக்கும். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். அப்படி அவர் எழுதி வைத்தவை வகுப்புப் பிள்ளைகளுக்கான கதைகள். அவற்றில் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். கேட்பார்கள், தொடுவார்கள், மோந்து பார்ப்பார்கள். ஒரு கதையில் திருடனைப் பிடிப்பது அவன் தலையில் தேய்த்த எண்ணெயின் வாசனையை வைத்து. அம்புட்டும் பிளாப்பிகளில் மட்டும்தான் இருந்தன. ஆத்தூர் அணைப் பக்கத்து ஈரத்தில் பிளாப்பிகள் பூஞ்சை பிடித்துவிட்டன. நாங்கள் போர்டைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் கார்டில் படியெடுக்க வேண்டும், அதைத் தானே செய்துகொள்வேன் என்று சொல்லியிருந்தார்.

போன் போட்டோம். அணைந்திருந்தது. பெட்டி பேசும்போது இடையில் மணி அடித்தால் அவருக்குப் பிடிக்காது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போனை அணைத்துவிடுவார். அவர் மனைவி காலையில் தோப்புக்குப் போனால் மதியம்தான் வருவார், போன் எடுத்துப் போக மாட்டார். சாரின் போன் அணைந்திருக்கிறது என்றால் சார் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறார்.

"வண்டிய எடு" என்றாள் தோழி.

செம்பட்டி ரோட்டில் என் ஸ்கூட்டர் அவ்வளவு வேகமாகப் போனது அன்று ஒருநாள்தான். பின்னால் உட்கார்ந்து அவள் திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். வழியில் தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பியது. நான் ஹாரனை அடித்தேன். டிரைவர் தலையை நீட்டி, "ஏம்மா, பொறந்த வீட்டுக்கா போற, செத்த நேரம் பொறுக்கக் கூடாதா?" என்றார். லாரிக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவில் நுழைந்து போனேன். சாரின் வீடு தீப்பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதர் தன் வாழ்நாள் எழுத்தை நான் வரைந்த போர்டை நம்பி அதற்குள் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும்.

ஆத்தூரில் அவர் வீட்டு வாசலில் இறங்கும்போதே அந்த மூக்குக் குரல் கேட்டது. அது கதை வாசிக்கவில்லை. ஆங்கிலத்தில் எண் சொல்லிக்கொண்டிருந்தது. சாருக்காகத் தோழி எழுதிச் சேர்த்த வசதி அது. பிளாப்பியில் எண்பது வட்டங்கள்; ஒவ்வொன்றும் படியானதும் அதன் எண்ணைச் சொல்லும்.

"யாரு? ரெண்டு பேருமா? வாங்கம்மா, உக்காருங்க. கடைசி பிளாப்பி ஓடுது." சார் திரும்பவில்லை. அவர் முகத்தில் பெரிய சந்தோஷம். "மத்தது எல்லாம் ஏறிருச்சு. இதுதான் ரொம்பப் பழசு. முரண்டு பிடிக்குது."

தோழி குனிந்து போர்டின் மூலையில் விரலை வைத்து, உடனே வெடுக்கென்று எடுத்தாள். சூடு கண்ட வாடை எனக்கே அடித்தது.

"சார், இத நிறுத்தணும்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். போலி ரெகுலேட்டர், போலந்துக்காரரின் கார்டு, எல்லாம். அவர் கீபோர்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் கேட்டார். பெட்டி முப்பத்தெட்டு என்றது.

"இப்ப நிறுத்துனா?" என்றார்.

"இந்த பிளாப்பி மட்டும் போகும்."

"கார்டு போனா?"

"எல்லாம் போயிரும் சார்."

"மத்த பிளாப்பிகள மறுபடி படிக்கலாமே" என்று தோழி மெதுவாகச் சொன்னாள்.

"படிக்காது. ரெண்ட திரும்பப் போட்டுப் பாத்தேன். பூஞ்சையோட சேத்து மேல்பூச்சையும் படிக்கிற ஹெட்டே சுரண்டிட்டுப் போயிருச்சு. ஒரு தடவதான் படிக்குது."

பெட்டி முப்பத்தொன்பது என்றது. பிறகு எரர் என்றது. மறுபடி முயன்று நாற்பதுக்குப் போனது.

நான் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனேன். தோழி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதடி. பாதி வந்திருச்சு. இப்ப நிறுத்துனா வந்ததும் கார்டுல நிக்காது, இந்த பிளாப்பியும் திரும்ப வராது."

"ஓடவிட்டா எதுவுமே வராது."

"போலந்துல அவரு பெட்டிக்குள்ள வச்சு மூடியிருப்பாரு. இங்க தெறந்து கெடக்கு, காத்து படுது." அவள் மேஜை மின்விசிறியை இழுத்து வந்து நேரே போர்டின் மேல் திருப்பினாள். மறுபடி விரலை வைத்துப் பார்த்தாள். "கொறையுது. சத்தியமா கொறையுது. தொட்டுப் பாரு."

தொட்டேன். எனக்குக் குறைந்த மாதிரி தெரியவில்லை. அல்லது பயத்தில் அப்படி இருந்ததோ என்னவோ. நாற்பத்தொன்று. எரர். அந்தச் சொல்லைப் பெட்டி ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சார் கண்ணை இறுக்கி மூடினார். ஒரே வட்டத்தில் அது திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நிற்க, ரெகுலேட்டர் காய்ந்துகொண்டே இருந்தது.

"சார், நீங்க சொல்லுங்க" என்றேன்.

"இதுல என்ன இருக்கு தெரியுமா?" என்றார். "நான் வேலைக்குச் சேந்த புதுசுல எழுதுனது. நல்லாவே இருக்காது. ஆனா மொதல்ல எழுதுனது."

"அதான் சார், விடாதீங்க" என்றாள் தோழி.

சார் கையை மேஜையின் விளிம்பு வழியாக நகர்த்திக்கொண்டு போய், சுவரைத் தடவி, சுவிட்சைக் கண்டுபிடித்து அணைத்தார். பெட்டி பாதி வார்த்தையில் நின்றது. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். சார்தான் முதலில், "டீ போடட்டுமா?" என்றார்.

போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பேகம்பூர் திரும்பினோம். கார்டை வேறொன்றில் போட்டுப் பார்த்தோம். கடைசி பிளாப்பியைத் தவிர எல்லாக் கதைகளும் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தன. நிம்மதியில் நான் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தோழிக்கு ஆறவில்லை. கழற்றிய ரெகுலேட்டரை மேஜையில் மாட்டி, அதே அளவு மின்சாரத்தை அதன் வழியே விட்டு, மின்விசிறியும் வைத்து, எதிரில் உட்கார்ந்துகொண்டாள். எப்போது சாகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை.

அது சாகவில்லை. சாயங்காலம் வரைக்கும் ஓடியது.

"பாத்தியா? மொத்த பிளாப்பியும் ஏறியிருக்கும்" என்றாள். மறுநாள் காலையில் அவள் அதே சுவிட்சைப் போட்டதும், ஒரு நிமிடம்கூட நிற்காமல் போய்விட்டது. போனில் சொல்லும்போது அவள் குரல் இறங்கியிருந்தது. இப்படி அவளுக்கும் எனக்கும் ஆளுக்கொரு சாட்சி கிடைத்தது.

நல்ல ரெகுலேட்டர் போட்டு அடுத்த வாரமே சாரிடம் போர்டைக் கொண்டுபோனோம். கடைசி பிளாப்பியைப் போட்டோம். முதல் சில வட்டங்கள் வந்தன, அதற்குமேல் வெறும் எரர். அவர் பிளாப்பியை வெளியே எடுத்து, கையில் வைத்துத் திருப்பினார்.

"அன்னைக்கு விட்டிருந்தா வந்திருக்குமா?" என்று கேட்டார்.

நான் பொய் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே தோழி சொல்லிவிட்டாள். "அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு சார். மறுநாள் செத்துப்போச்சு."

"அப்ப வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

அவர் பிளாப்பியை மேஜையில் வைத்தார். "அம்புட்டையும் வச்சுச் சூதாட முடியாதும்மா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் முயலவில்லை. எங்களை ஆறுதல்படுத்தவும் முயலவில்லை. வந்த சில வட்டங்களில் என்ன இருக்கிறது என்று பெட்டியை வாசிக்கச் சொன்னார். ஒரு கதையின் தொடக்கம்தான் இருந்தது. பாதியில் நின்ற இடத்தில், "இதுக்கு அப்புறம் என்ன எழுதுனேன்னே ஞாபகம் இல்ல" என்றார்.

போலந்துக்காரருக்கு வேறு போர்டும் கார்டும் அனுப்பினோம். பிரேசில்காரர் தன்னிடம் வந்த பார்சலைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். நடந்ததை இணையத்தில் எங்கள் பெயரிலேயே எழுதிப் போட்டோம். போலி எழுத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று லென்ஸில் எடுத்த படத்தையும் சேர்த்தோம். சிலர் வாங்குவதை நிறுத்தினார்கள். சிலர் முன்பைவிட நம்பி வாங்கினார்கள். இப்போது ஒவ்வொரு போர்டையும் நன்றாகச் சூடேற விட்டுப் பார்த்த பிறகுதான் பார்சல் கட்டுகிறோம்.

அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் நாங்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறோம். விசிறி இருந்ததே என்பாள். எரர் எத்தனை வந்தது என்பேன். கீழே கிடங்கில் தோல் எண்ணிக்கொண்டிருக்கும் அவளுடைய அத்தா, "மேல என்ன சத்தம்?" என்று குரல் கொடுப்பார். போன மாதம் சார் புதிதாக ஒரு கதை அடித்து, கார்டைத் தபாலில் அனுப்பியிருந்தார். பேச்சுப் பெட்டி எங்களிடம் இல்லை. அவர் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழைத் தோழி திரையில் பார்த்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தாள். நான் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.