லூசியா டீச்சருக்கு மூன்றாவது கொட்டு

நாச்சியாபுரத்தில் லூசியா டீச்சரை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. இருபத்தெட்டு வருடம் நின்றுகொண்டே பாடம் நடத்தியதில் மூட்டு இரண்டும் தேய்ந்துபோய், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்காலிட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த எரிச்சலைப் பிள்ளைகளிடம் காட்டினாரோ இல்லையோ, கணவர் சேசுராஜிடம் காட்டினார். காட்டவேண்டியதுதான். எவன் எந்த இலையைச் சொன்னாலும் அரைத்துக்கொண்டு வந்து நிற்கிற மனுஷன் அவர்.

1996-இல் அவர் தேடிப் பிடித்தவன் ஆத்தங்குடி மாயக்கண்ணன். தேனீப் பெட்டி வைத்துத் தேன் விற்றுக்கொண்டிருந்தவன் திடீரென்று வைத்தியனாகிவிட்டான். தேனீயை இடுக்கியால் பிடித்து மூட்டில் கொட்டவைப்பான், வாரம் ஒரு முறை. இங்கிலீஷ் மருந்து தொட்டால் பத்தியம் முறிந்துவிடும் என்பது அவன் போட்ட சட்டம்.

முதல் வாரம் முழங்கால் வீங்கியது. "மருந்து வேலை செய்யுது" என்றான். இரண்டாம் வாரம் உடம்பெல்லாம் தடித்து அரித்தது, உதடு வீங்கியது. "கெட்ட நீரு வெளியேறுது" என்றான். வாய்க்கு வந்ததையெல்லாம் வைத்தியம் என்று சொல்ல இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? "இனிமே வரமாட்டேன்" என்று டீச்சர் கத்தினார். பாதியில் விட்டால் வலி இரட்டிப்பாகும் என்று சேசுராஜ் நச்சரித்துக் கூட்டிப்போனார்.

மூன்றாவது முறை கொட்டிய ஐந்தாவது நிமிடம் டீச்சருக்கு மூச்சு இழுத்தது. கண் இருட்டியது. மாயக்கண்ணன் பதறவில்லை. பாம்புக்கடிக்குப் பார்ப்பதுபோல நாலு மிளகை அவர் வாயில் போட்டான்.

"மெல்லுங்க டீச்சர். உறைக்குதா?"

டீச்சர் தலையாட்டினார்.

"உறைச்சா விஷம் ஏறலன்னு அர்த்தம். பயப்படாதீக, செத்த நேரம் படுத்து எந்திரிக்கட்டும்" என்றான் சேசுராஜைப் பார்த்து.

சேசுராஜும் அதை நம்பி விசிறிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் அநியாயமாகப் போனது. உதடு நீலமான பிறகுதான் வாடகைக் காருக்கு ஓடினார்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியை எடுத்ததும் சேசுராஜ் குறுக்கே வந்தார். "டாக்டர், பத்தியத்துல இருக்கா. ஊசி போட்டா முறிஞ்சிருமே?"

டாக்டர் அவரைத் தள்ளிவிட்டு ஊசியைப் போட்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிழைத்திருக்கமாட்டார், இனி ஒரு தேனீ கொட்டினாலும் உயிருக்கு ஆபத்து என்றார்.

சாயங்காலம் சேசுராஜ் பாலை ஆற்றிக்கொண்டே, "அந்த மாயக்கண்ணன சும்மா விடமாட்டேன். உன்னக் கொல்லப் பாத்துட்டான்" என்றார்.

டீச்சர் டம்ளரை வாங்கவில்லை.

"அவன விடுங்க. ஊசி போட்டா முறிஞ்சிருமேன்னு கேட்டீகளே, அப்ப எனக்குத் தொண்டைதான் அடைச்சிருந்துச்சு. காது நல்லாக் கேட்டுச்சு."