மூன்று முறை கூப்பிட்ட பெயர்

1996 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். செடிகளுக்குத் தண்ணீர், குளியல், மூன்று இட்லி. ஒன்பதே காலுக்கெல்லாம், கோவைப் பக்கம் நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்த நீதிமன்றத்துக்குப் போய்விட்டேன்.

சாட்சிகளை அழைக்கும் சீட்டை நான்தான் எழுதுவேன். பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் அடித்தல் திருத்தமின்றி இருக்கும். டபேதார் அதைப் பார்த்து, வராந்தாவில் நின்று பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். "கிளார்க் ஐயா சீட்ட அரைக் கண்ணுல படிச்சுபோடலாங்க" என்று கேலி செய்வார். எனக்கு அதில் பெருமைதான்.

அன்று முதல் சாட்சி, பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண். மில் தொழிலாளி, வயது பத்தொன்பது. இப்படிப்பட்ட வழக்கை மூடிய அறையில் விசாரிக்க வேண்டும், பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. நானும் அறையில் இருந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பினேன். பிறகு வழக்கம்போலச் சீட்டை எழுதி டபேதாரிடம் கொடுத்தேன்.

அவர் கூப்பிட்டார். நான் வெளியே அனுப்பிய கூட்டம் முழுவதும் வராந்தாவில்தான் நின்றிருந்தது. நில வழக்குக்கு வந்திருந்த ஒருவர், "ஏனுங்க, இது நம்மூர்ப் புள்ளைங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது உள்ளே எனக்கே கேட்டது.

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அம்மா வாசல் கேட்டை நோக்கி நடந்தார். அவள் சாட்சி சொல்லாவிட்டால் வழக்கே நிற்காது. பின்னாலேயே ஓடினேன்.

"ஊருக்கே சொல்லிபோட்டு, இனிக் கதவச் சாத்தி என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார் அம்மா.

"தப்பு என்னுதுங்கம்மா. சீட்டு நான் எழுதினதுங்க." என்றேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "நாளைக்கும் வரச் சொன்னா இப்படித்தான் கத்துவீங்களா சார்?"

"மாட்டோம் அம்மணி."

அம்மாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். "பேருதான் போயிருச்சு. சொல்ல வந்ததையாவது சொல்லிபோட்டு வாரேன்மா" என்று எனக்கு முன்னால் உள்ளே நடந்தாள்.

மாலை வரை நின்றபடியே சாட்சி சொன்னாள். குறுக்கு விசாரணை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. நடந்ததை நீதிபதியிடம் நானே சொன்னேன்; இனி இத்தகைய வழக்குகளில் பெயரைக் கூப்பிடக் கூடாது என்று உத்தரவிட்டார். ஆனால் அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட அந்தப் பெயரை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது என்னை உறுத்துகிறது.

மறுநாள் காலை முதல் வேலையாக, சீட்டு எதுவும் எழுதாமல், அவள் உட்கார்ந்திருந்த மரத்தடிக்கு நானே நடந்துபோய், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "வாங்க அம்மணி" என்றேன்.