அன்றைக்குப் போகாத கரண்ட்

சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் ரப்பர்ப் பாலின் புளித்த நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறினால், இன்றும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். யட்டியாந்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, அரை மணி நேரம் மேடேறினால் வரும் எங்கள் ரப்பர் தோட்டத்தில், எட்டுக் குடும்பங்களுக்கு ஒரே கூரையின்கீழ் வரிசையாக எட்டுக் காம்பரா கொண்ட லயத்தின் மூன்றாவது காம்பராவில், பத்து வயதில் நான் ஒரு பருவம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் ஒரு கேமால் வந்த வினை.

அந்தக் கேம் மெஷினைக் கொண்டுவந்தவன் என் அண்ணன். பதினாறு வயதில் அவனைக் கொழும்புக்கு, ஒரு சாப்பாட்டுக் கடை வேலைக்குக் கூட்டிப்போன புரோக்கர், "மொதலாளி தங்கமான மனுஷன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நாலே மாதத்தில் அண்ணன் ஓடி வந்துவிட்டான். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொதிக்கும் எண்ணெய் பட்டுப் பொசுங்கிய தழும்பு. வலது கையில் ஒரு பை, அதற்குள் முதலாளியின் மகன் வேண்டாமென்று தூக்கிப் போட்ட அந்த மெஷினும் ஒரே ஒரு சீடியும். தழும்பைப் பார்த்து அம்மா அழுதார். நான் பையைத்தான் பார்த்தேன்.

மெஷினின் மூடி உடைந்திருந்ததால் மேலே பாரம் இருந்தால்தான் சீடி சுற்றும். ரப்பர் மரத்தில் பால் பிடிக்க வைக்கிற சிரட்டை ஒன்றில் கல்லைப் போட்டு, அதை மூடியின்மேல் வைத்து அண்ணன் ஓடவிட்டான். எங்கள் சின்ன டீவியில், நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கப்பல் வந்து நிற்கும். நீளக் கோட்டும் இரும்புக் கையுமாக ஒருவன் அதிலிருந்து இறங்குவான். இங்கிலீஷில் அவனுக்கு ஏதோ பெயர் இருந்தது, எங்களுக்கு அவன் "புடிகாரன்". ஒவ்வொரு கிரகத்திலும் சுவரில் ஒரு முகம் ஒட்டியிருக்கும். அந்த முகத்துக்காரனைத் தேடிப் பிடித்து, கட்டி, கப்பலுக்கு இழுத்துவர வேண்டும். ஏழு கிரகம், ஏழு ஆள்.

"இவனுங்கல்லாம் யாருண்ணே?" என்று கேட்டேன்.

"எங்கயிருந்தோ ஓடிப் போனவனுங்க. இவன் புடிச்சிட்டு வந்து குடுப்பான்."

"யாருக்கு?"

"கேக்குறவங்களுக்கு."

அவன் விளையாடவே மாட்டான். கையில் ரிமோட்டைக் கொடுத்தாலும் வாங்கமாட்டான். சிரட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஒரு தடவை மட்டும், "இவன விட்டுட்டு அடுத்தவனப் பாரேன் பாப்பா" என்றான். விட்டால் அடுத்த கிரகம் திறக்காது, இந்த விவரம்கூடத் தெரியவில்லையே இவனுக்கு என்று எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் என் வயிற்றெரிச்சலை அதிகம் கொட்டிக்கொண்டது கரண்ட்தான். எட்டுக் காம்பராவுக்கும் ஒரே மீட்டர். எந்தக் காம்பராவில் அயன் போட்டாலும் மொத்த லயமும் "டிரிப்" ஆகிவிடும். விட்ட இடத்தைக் குறித்துவைக்கிற மெமரி காட் எங்களிடம் இல்லாததால், மெஷின் ஒருமுறை அணைந்தால் மறுபடியும் முதல் கிரகம், முதல் ஆள். ஐந்தாவது ஆளைக் கட்டும்போது போகும், ஆறாவது ஆள் கண்ணில் படும்போது போகும், ஏழாவது கிரகத்தின் வாசலில் நிற்கும்போது நிச்சயமாகப் போகும். கடைசிக் காம்பரா ராணி அக்காவிடம் போய் நான் கத்தினால், "ஏண்டி, கரண்ட் என்ன ஒங்கப்பன் வீட்டு சொத்தா?" என்று அயன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சிரிப்பார். அப்படியே பிடித்துக் கடித்துவிடலாம் போலிருக்கும்.

இதற்கிடையில் புரோக்கர் அண்ணனைத் தேடுகிறார் என்ற செய்தி பஜாரிலிருந்து வந்தது. ஓடிப்போனவனைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாக முதலாளியிடம் சொல்லியிருக்கிறாராம்; அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பையன், வர மறுத்தால் பொலிசில் ஒரு வார்த்தை போதும் என்றும் பேசினாராம். கரவனெல்லையில் ஒரு கராஜில் அண்ணனை வேலை பழகச் சேர்த்துக்கொள்ளவும், அங்கேயே தங்கவைக்கவும் ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவன் அங்கே போய்விட்டால் தப்பித்தான். அதுவரை பகலில் லயத்துக்குப் பின்னாலிருந்த மாட்டுப்பட்டிப் பரணில் இருந்துகொள்வது என்று முடிவானது. "யாரு கேட்டாலும் அண்ணன் கேகாலைக்குப் போயிட்டான்னு சொல்லு" என்று அம்மா எனக்கு மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார்.

சனிக்கிழமை அம்மா பால் வெட்டப் போயிருந்தார். நான் காலையிலேயே உட்கார்ந்து, ஆறு ஆளையும் பிடித்து, ஏழாவது கிரகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். ஏழாவது ஆள் ஓடுகிறான், புடிகாரன் துரத்துகிறான், அந்த நேரம் பார்த்துப் புரோக்கர் வந்து டீவிக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன் எங்க பாப்பா?"

"தள்ளுங்க மாமா."

"எங்கன்னு சொல்லு, தள்ளுறேன்."

"பட்டியில இருக்கான், போங்க."

"ஹரி, ஹரி" என்று, 'சரி, சரி' என்பதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார். திரை தெரிந்தது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் உள்ளே வந்து கொடியிலிருந்த சட்டையை எடுத்தான். வாசலில் புரோக்கர் நின்றிருந்தார். அண்ணன் டீவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "செரட்ட ஆடுது பாரு, கல்ல நகத்தி வை" என்றான். பிறகு போய்விட்டான். சாலையில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டபோது ஏழாவது ஆளை நான் கட்டி முடித்திருந்தேன். வாசிக்கத் தெரியாத இங்கிலீஷ் பெயர்கள் திரையில் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. அத்தனை நாளும் நின்று நின்று என் உயிரை வாங்கிய சனியன் பிடித்த கரண்ட், அன்றைக்கு மட்டும் போகவில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மத்தியானம் வந்த அம்மா வெறுங்கொடியைப் பார்த்தார். என்னை அடிக்கவில்லை. "இல்லன்னு ஒரு வார்த்த, அதுகூடவா ஒன் வாயில வரல?" என்று மட்டும் கேட்டார். அந்த மெஷினை நான் அதற்குப் பிறகு தொடவில்லை.

இப்போது லயத்தில் வீட்டுக்கு வீடு மீட்டர் வந்துவிட்டது. மாட்டுப்பட்டி இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது, புரோக்கரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவும் இல்லை. அண்ணன் கொழும்போடு கொழும்பாகவே ஆகிவிட்டான். கராஜ் வேலையைப் பற்றி அவன் ஒரு நாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, என் மகன் போனில் ஏதோ கேம் விளையாடுவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தழும்புக் கையைத் தடவியபடி கேட்டான்.

"ஏ பாப்பா, அந்தக் கடைசி ஆள நீ புடிச்சியா இல்லியா?"

"இல்லண்ணே. கரண்ட் போயிருச்சு."

"நெனச்சேன்" என்று சிரித்தான். "ராணி அக்கா அயன் போட்டிருக்கும்."

ஆமாம் என்றேன்.