டெய்லரம்மா நரம்பு சுற்றுகிறார்

தூண்டில் ரீலில் நரம்பின் நுனியைக் கட்டி, முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குகிறார் டெய்லரம்மா. இறுக்கிய கையோடு சுண்டி இழுத்தும் பார்க்கிறார். "காய்ஞ்ச முடிச்சை இழுத்தா சூடேறி அங்கேயே அறுந்துடும், மாடிக்காரரே. பெரிய மீனெல்லாம் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கும்." மாடிக்காரர் நான்தான். அவருடைய தையல்கடைக்கு மேலே குடியிருக்கிறேன்.

வாரமெல்லாம் ஊராருக்குத் தைப்பவர், ஞாயிறு விடிந்தால் தூண்டிலோடு ஏரிக்கரையில் இருப்பார். பிடிக்கிற மீன் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும். கணவருக்கு மீன் வாசனையே ஆகாது. கரையில் மீனைத் தப்பவிட்டவர் தண்ணீரைக் குறை சொல்வார், இரையைக் குறை சொல்வார். டெய்லரம்மா அவருடைய ரீலை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். தொளதொளவென்று சுற்றினால் வீசும்போது நரம்பு கொத்தாகக் கிளம்பும். விளிம்புவரை நிரப்பினாலும் அதே கதிதான். தீக்குச்சி கனத்துக்கு இடம் விடவேண்டும். "கழுத்துப்பட்டி தைக்கிற மாதிரிதான். பிடிச்சும் இருக்கணும், மூச்சும் விடணும்."

சுற்றுவதற்கு இன்னொரு ஆள் தேவை. நரம்புச் சுருளைத் தரையில் படுக்க வைத்து, வருகிற நரம்பை ஈரத்துணியால் அழுத்திப் பிடித்தபடி விடவேண்டும். கணவர் பிடித்தவாறே தூங்கிவிடுவார். எனக்குப் பொறுமை போதாது. அந்த வேலைக்கென்றே பிறந்தவர்போல் அமைந்தவர் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவரோடு டெய்லரம்மா பேசுவதில்லை.

மகள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதைக்கூட அவர் எப்போதோ மன்னித்துவிட்டார். "ஊருக்கே தைக்கிறேன். எம் பொண்ணு கடையில தொங்குன ரவிக்கையை வாங்கி மாட்டிக்கிட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டா!" என்பதுதான் ஆறவில்லை. மகளோடு சமாதானமாகிவிட்டார். அந்தப் பழி மட்டும் மாப்பிள்ளை தலையில் நின்றுவிட்டது.

ஆகவே எல்லாம் மகள் வழியாகத்தான். "உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கச் சொல்லு." ஒரு கையெட்டும் தூரத்தில் இருக்கும் மாப்பிள்ளை, மனைவி அதைத் திருப்பிச் சொல்லும்வரை அசையமாட்டார். ஆரம்பத்தில் ஒருமுறை முந்திக்கொண்டு "சரிங்க அத்தை" என்று சொல்லப்போக, மாமியார் ரீலை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். அன்றிலிருந்து செவிடர்போல இருக்கப் பழகிவிட்டார், பாவம்.

போன சனிக்கிழமை, சுற்றத் தொடங்கியதுமே மகளுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே தெருப்பக்கம் போய்விட்டாள். டெய்லரம்மா சில சுற்றுகள் சுற்றி நிறுத்தி, நரம்பைத் தளர்த்திப் பார்த்தார். அது கோணல்மாணலாகச் சுருண்டு முறுக்கிக்கொண்டது. சுருள் தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். அப்படியே சுற்றினால் ரீல் முழுக்க முறுக்கேறி மறுநாள் ஏரிப் பயணமே பாழ்.

"இந்தாடி!" என்று கூப்பிட்டார். தெருவிலிருந்து மகளின் சிரிப்புதான் வந்தது. தையல் மெஷினைப் பார்த்து, "சுருளைக் கவுத்துப் போடணும்" என்றார். மாப்பிள்ளையும் மெஷினைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டெய்லரம்மா தொண்டையைக் கனைத்தார்.

"மாப்பிள்ளை... அதைத் திருப்பிப் போடுங்க."

அவர் சட்டென்று குனிந்து திருப்பிப் போட்டார். பிறகு ரீல் சுற்ற, நரம்பு விறைப்பாகப் படிந்துகொண்டே வந்தது. "ஆங், அப்படித்தான். இன்னும் கொஞ்சம் அழுத்துங்க மாப்பிள்ளை. அதேதான்." ஒரு தடவை திறந்த வாய் மூடவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தீக்குச்சி கனம் பாக்கி இருக்கையில் நிறுத்தி, நரம்பை நறுக்கியபோதுதான் டெய்லரம்மா பார்த்தார். ஈரத்துணி மாப்பிள்ளையின் காலடியில் கிடந்தது. குனிந்த அவசரத்தில் அது நழுவியிருக்கிறது. வெறும் விரலால்தான் அத்தனையும் பிடித்திருக்கிறார். ஆள்காட்டி விரலில் சிவப்பாக ஒரு கோடு விழுந்து, நுனியில் ரத்தம் கசிந்திருந்தது.

"ஏன் சொல்லலை?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்களே, அத்தை."

டெய்லரம்மா மேசையிலிருந்த புது வெள்ளைத் துணியில் ஒரு நீளம் கிழித்தார். மாப்பிள்ளையின் கையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு, வலிக்காமல், தொளதொளக்காமல், அந்த விரலில் சுற்றத் தொடங்கினார்.