ஹட்டனில் பழுத்த என் பெல் பெப்பர்

தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்திவிட்டு, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பொலித்தீன் கூடாரம் போட்டு பெல் பெப்பர், அதுதான் குடைமிளகாய், வளர்க்கிறேன். கூடாரம் கொடுத்த திட்டத்தின் அதிகாரி இன்று காலை போட்டோ எடுக்க வந்தார்.

உள்ளே எல்லாமே பச்சைக் காய். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன தங்கச்சி, இன்னும் செவக்கலையே?"

"ரெண்டு வாரமா மூட்டங்க சேர். நல்லா வெயில் அடிச்சா தானா செவக்கும்."

"நாளைக்கு ரிப்போர்ட் அனுப்பணும். வெயிலுக்கெல்லாம் காத்துக்கிட்டு இருக்க முடியாது."

ஜீப்பை ஹட்டன் டவுன் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்த பையில் சிவப்புப் பழம் மூன்று, மஞ்சள் இரண்டு. ஐந்தையும் ஒரே செடியில் நூலால் கட்டினார்.

"ஒரே செடியில ரெண்டு கலரு காய்க்காதுங்க சேர்."

"பாக்குறவங்களுக்கு அது தெரியவா போகுது? நீங்க சிரிங்க."

சிரித்தேன். படம் எடுத்து முடிந்ததும் பாரம் தாங்காமல் கிளை முறிந்தது. அதிலிருந்த என் பச்சைக் காய்கள் நான்கும் தரைக்கு வந்தன. அவர் தன் ஐந்து பழங்களையும் பத்திரமாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலமே அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் படம் வந்துவிட்டது. "குளிரை வென்ற சாதனைப் பெண்" என்று எழுதியிருக்கிறார்கள். வலப்பனையிலிருந்து ஒருவர் விதை கேட்டிருக்கிறார். நடுப்பழத்தில் கடை ஸ்டிக்கர் பளபளப்பதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.

விதை கேட்டவருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ரகத்துக்கு வெயிலும் வேண்டாம், எருவும் வேண்டாம். ஹட்டனுக்குப் போய்வர ஒரு ஜீப் இருந்தால் ஒரே மணி நேரத்தில் பழுத்துவிடும்.

உங்களில் யாரிடம் ஜீப் இருக்கிறது?