தாடையால் கேட்டவர்

செங்கல்பட்டில் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தபோது குமரேசன் அழைத்தார். முகாமுக்குள் கைபேசி கூடாது. மதியம் வெளியே வந்து பார்த்தபோது ஒரு குரல் பதிவும் இருந்தது. "மேடம், தணிகாசலம் அண்ணாத்த பூட்டாரு. காலைல ஐஸ் பேக்டரில நின்னு பேசிகினு இருந்தாரு. அப்டியே உக்காந்தாரு. அவ்ளோதான். வாங்க." கையில் இருந்த கட்டைத் திருத்தி முடித்து, மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்த்து, ஒப்படைத்துவிட்டுத்தான் மாமல்லபுரம் பேருந்தில் ஏறினேன். வேலையைப் பாதியில் விட்டு வருவது தணிகாசலத்துக்குப் பிடித்திருக்காது என்று இப்போது சொல்லிக்கொள்வது எனக்கு வசதி. உண்மையில் நான் அப்படிப்பட்ட ஆள், அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அவரோடு பேஸ் கிடார் பார்க்கப் போனவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்தவர். இளமையில் மெல்லிசைக் குழுவில், தடித்த கம்பிகளில் தாழ்ந்த ஓசை தரும் பேஸ் கிடார் வாசித்தார். பிறகு படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் தொழிற்சாலை வைத்து நன்றாகச் சம்பாதித்தார். சம்பாதித்ததில் பெரும்பகுதியை, வெளிநாட்டுக் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகச் செய்யும் அபூர்வ மரக் கிடார்களுக்குச் செலவழித்தார். கடல் காற்றில் மரம் முறுக்கிக்கொள்ளும் என்று அவற்றுக்கென ஓர் அறைக்குக் குளிர்சாதனம் போட்டு ஈரப்பதத்தை அளந்துகொண்டிருப்பார். "மீனு கெடக் கூடாதுன்னு ஊருக்கு ஐஸ் குடுக்கறேன். இதுங்க கெடக் கூடாதுன்னு எனக்கு ஏசி. ரெண்டும் ஒரே தொழில்தான்" என்பார்.

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். மரத்தின் உள்ளமைப்பு என் துறை. ஒரு நாள் கறுப்புப் பெட்டியோடு துறைக்கு வந்து, கிடாரை என் மேசைமேல் கிடத்தினார். "விக்கறவன் பிரேசில் ரோஸ்வுட்டுன்றான். நெஜமா டீச்சரம்மா?" லென்ஸை வைத்துப் பார்த்தேன். ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி வகை என்பது தெரிந்தது. எந்த நாட்டு ஈட்டி என்று இப்படிப் பார்த்துச் சொல்ல முடியாது, ஒரு சீவல் எடுத்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றேன்.

"சீவலா? என் வெரல வேணா சீவிக்குங்க."

"அப்படியானால் எனக்குத் தெரியாது, சார்."

அவர் பெட்டியை மூடிவிட்டுச் சிரித்தார். "விக்கறவன் எல்லாத்துக்கும் எல்லாம் தெரியுது. தெர்லைன்னு சொல்ற ஆள்தான் கெடைக்க மாட்டேன்றான்." அதன் பிறகு கிடார் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னையும் அழைத்தார். இசைக்காக நான் போகவில்லை. பாடப்புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்திருந்த ஆப்பிரிக்க, அமெரிக்க மரங்களின் குறுக்கு வெட்டை இந்த வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் பார்க்க முடிந்தது. அதற்காகப் போனேன்.

அவர் வாங்கும் விதம் உங்களுக்குத் தெரியும். விற்பவர் ஆம்ப்ளிபயரைப் போட்டு, ஒயரைச் செருகித் தயாராக வைத்திருப்பார். தணிகாசலம் முதல் வேலையாக ஒயரைப் பிடுங்குவார். கிடாரை ஜன்னல் பக்கம் திருப்பி ரேகை ஓடும் விதத்தைப் பார்ப்பார். மேற்பலகை ஒரே துண்டைப் பிளந்து புத்தகம்போல விரித்து ஒட்டியதா, கழுத்தில் என்னென்ன மரம் அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். பிறகு கிடார் உடலின் மேல்முனையில் நீண்டிருக்கும் கொம்பைத் தன் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, தடித்த கம்பியை ஒரு தரம் மீட்டுவார். ஓசை அடங்கும்வரை அசையமாட்டார். சிலவற்றை உடனே கீழே வைத்துவிடுவார். "பேசல" என்பார். சிலவற்றை விடவே மாட்டார்.

இது பரவியது. திருப்போரூரில் மனை விற்கும் குமரேசன் தொடங்கிவைத்தார். பிறகு மென்பொருள் வேலையில் இருக்கும் இளைஞர்கள். கொஞ்ச காலத்தில் இந்தப் பக்கம் விலையுயர்ந்த பேஸ் வாங்குகிற எவரும் தாடையில் வைக்காமல் வாங்குவதில்லை என்று ஆயிற்று. குமரேசன், முருகனுக்கு வேண்டிக்கொண்டு வளர்த்த தாடியைக் கெடுவுக்கு முன்பே எடுத்துவிட்டார். "முடி நடுவுல வந்தா மரம் தெரிய மாட்டேங்குது மேடம்" என்றார். எனக்கு அது சுத்தப் பாசாங்காகத் தோன்றியது.

திருப்போரூரில் ஒரு வீட்டில் நடந்தது இது. விற்க வந்த கிடாரின் விரல்பலகை கருங்காலி என்றார்கள். அந்த வீட்டு அம்மா, கிரக தோஷத்துக்காகக் கருங்காலி மாலை அணிந்திருந்தவர், கிடாரையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பார்த்துவிட்டு, வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்றேன். அந்த அம்மா உடனே மாலையைக் கழற்றி நீட்டினார். "அப்போ இத்தையும் பாரும்மா." தணிகாசலம் என் கையிலிருந்து லென்ஸை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அத்த பாக்க வாணாம் டீச்சரம்மா. நமக்கு நாஸ்தா குட்த்தவங்க."

திரும்பும் வழியில் காரில் அவரிடம் சொன்னேன்: "இது மின்சாரக் கிடார். கம்பி அதிர்வதைக் காந்தம் எடுத்து ஒயரில் அனுப்புகிறது. இதில் மரம் என்ன செய்கிறது?" பின்னிருக்கையில் இருந்து இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "மரம் இன்னா செய்யும்? கூட நிக்கும்" என்றார். அது எனக்குப் பதிலாகப் படவில்லை.

ஒருமுறை ஐஸ் பேக்டரிக்குப் போனேன். கம்ப்ரசர் ஓடும் இரைச்சலில், எல்லாரும் கத்திப் பேசும் அந்த இடத்தில், அவர் எல்லாருக்கும் டக்டக்கென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அமைதியான அலுவலக அறைக்கு வந்ததும் நான் கேட்டது எதுவும் அவருக்கு எட்டவில்லை. இரைச்சலில் கேட்டு அமைதியில் கேட்காமல் போகிற ஒரு காது நோய் உண்டு. என் தாய்மாமாவுக்கு இருந்தது. செவிக்குள் இருக்கும் மிகச் சிறிய எலும்பு இறுகிப்போகும். காற்றில் வரும் ஓசை உள்ளே நுழையாது. மண்டை எலும்பு வழியாக வருவது மட்டும் நுழையும். தாடையின் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உரத்த குரலில் கேட்டேன்: "சார், உங்களுக்குக் காது கேட்கிறதா?"

எழுந்து கதவைச் சாத்தினார். "கத்தாதீங்க டீச்சரம்மா. பசங்க வெளிய கீறாங்க."

பிறகு சொன்னார். இரண்டு காதும் மெல்ல மெல்லப் போய்விட்டன. மேடையில் வாசித்த காலத்திலேயே தொடங்கியதாம். ஆம்ப்ளிபயரில் பேஸ் அவருக்கு வெறும் புகைபோலத்தான் கேட்கும். தாடையில் வைத்தால் மட்டும் பழையபடி முழுதாகக் கேட்கும்.

"குமரேசனுக்குத் தெரியுமா?" என்று அவர் காதருகே கேட்டேன்.

"அவனுக்குத் தெரிஞ்சா தாடிய திருப்பிக் கேப்பான்."

சென்னையில் மருத்துவர் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றிருந்தார். பெரும்பாலும் கேட்கத் தொடங்கிவிடும். ஆனால் சிலருக்குச் செவியின் உட்பகுதியே செத்துப்போகலாம். அப்படி ஆனால் எலும்பு வழியாகவும் அந்தக் காதில் எதுவும் கேட்காது. "இப்போ இது ஒண்ணுனா கீது. அதுவும் பூட்டா இந்த ரூமுக்குள்ள நான் இன்னா பண்ணுவேன், தொடச்சிகினு ஒக்காந்திருப்பேனா?" என்றார். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சாதகபாதகம் இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தது. எது பெரியது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

முடிவை அவருடைய மனைவி பூங்காவனம் செய்ய வைத்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து அவர் கூப்பிட்டபோது, தணிகாசலம் அடுத்த அறையில் தாடையில் கிடாரோடு இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து தூக்கினார். கையில் கட்டோடு இருந்த பூங்காவனத்தைப் பார்க்கப் போனேன். கணவரை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கட்டிகினவ கூவுனா கேக்காது. கட்டைய கடிச்சா மட்டும் கேக்கும். இப்டி ஒரு ஆம்பளைய எங்கனா பாத்துகிறியாம்மா?" அந்த வாரமே தணிகாசலம் மருத்துவரிடம் போய் நாள் குறித்துக்கொண்டு வந்தார்.

வலது காதில் செய்தார்கள். நன்றாக அமைந்தது. பார்க்கப் போனபோது வாசலிலேயே, "இன்னா டீச்சரம்மா இது, ஒலகம் இவ்ளோ பேஜாரா கீது?" என்றார். மின்விசிறி, காக்கை, பூங்காவனத்தின் தொலைக்காட்சித் தொடர் எல்லாவற்றின் மீதும் புகார் சொன்னார். அலையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்தார். குமரேசன், மென்பொருள்காரர்கள் இருவர், நான். பூங்காவனம் வஞ்சிரம் வறுத்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் தணிகாசலம் தன் மிகச் சிறந்த கிடார்களை வரிசையாக வைத்து, ஒயரைத் தானே செருகி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். குமரேசன் தனக்குத் தெரிந்த ஒரே மெட்டை ஒவ்வொன்றிலும் வாசிக்க வேண்டும். எது எந்த மரம் என்று தணிகாசலம் சொல்ல வேண்டும்.

ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும் தவறு. எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தனக்கு இத்தனை காலம் காது கேட்டதில்லை என்பதையும், தாடை அதற்காகத்தான் என்பதையும் எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அவர் "பேசுது" என்று சொன்ன கிடாரை நம்பி வாங்கியவர்கள். அவர் அதைத் தெரிந்துதான் சொன்னார்.

பிறகு குமரேசன் தாடையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ நாங்க எல்லாம் இன்னாத்துக்கு அண்ணாத்த தேச்சிகினு இருந்தோம்?"

"நானா தேய்க்கச் சொன்னேன்? நீதான் மூஞ்ச கொண்டாந்து தேச்சே."

"என் வேண்டுதல் தாடி போச்சே!"

"முருகன் உன் மூஞ்ச பாத்துட்டுத்தான் மன்னிச்சிருப்பாரு. வா, மீனு ஆறுது."

சிரித்தார்கள். ஆனால் மென்பொருள்காரர்களில் ஒருவர் பிறகு வரவே இல்லை. தன்னிடமிருந்ததை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று சாப்பாட்டின்போது தணிகாசலம் என்னிடம் சொன்னார்: "நீங்க சொன்னது கரீட்டு. ஒயர் வழியா வந்தா அதுல மரம் இல்ல." நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, ஓர் அறை, ஓர் ஆம்ப்ளிபயர், அதிலும் குமரேசனின் வாசிப்பு, இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று வாதாடிக்கொண்டிருந்தேன். "விடுங்க டீச்சரம்மா. மீன்ல முள்ளு கீது, பாத்து" என்றார்.

அடுத்து இடது காதையும் சரிசெய்துவிடலாம் என்றார் மருத்துவர். தணிகாசலம் மறுத்துவிட்டார். வலது காது சரியான பிறகு, தாடையில் வைக்கும் ஓசை முழுவதும் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டதை அவர் கவனித்திருந்தார். அது இயல்புதான். வெளிச்சத்தம் நுழையாத காதில்தான் எலும்பு வழி ஓசை உரத்துக் கேட்கும். அதையும் திறந்துவிட்டால் மிச்சமிருப்பது மங்கிவிடும் என்று நினைத்தார். பூங்காவனம் நிறைய நாள் சண்டை போட்டார். "நீ கூப்ட்டா கேக்கறதுக்கு ஒரு காது வந்துச்சில்ல? இன்னொண்ணு என்னுதா இருந்துட்டுப் போட்டும்" என்பதுதான் அவர் பதில். அதற்குப் பிறகும் ஒரு கிடார் வாங்கினார். ஒயரே செருகாமல், தாடையில் மட்டும் வைத்துப் பார்த்து வாங்கினார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஆம்ப்ல போட்டா ஊருக்கே கேக்குது. இது எனக்கு மட்டும் கேக்குது" என்றார்.

கடைசியாக நான் போனபோது, என்னைக் கேட்காமலே ஒரு கிடாரை என் மடியில் வைத்தார். ஒரு காதை விரலால் அடைக்கச் சொன்னார். கொம்பில் தாடையை வைக்கச் சொல்லித் தடித்த கம்பியை அவரே மீட்டினார். அந்த ஓசை அறையில் எங்கும் இல்லை. அடைத்த காதின் பக்கம், தலைக்குள் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். மீண்டும் மீட்டினார்.

"வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"தெரிந்தது."

"நெஜமா? எனக்காகச் சொல்றீங்களா?"

"உங்களுக்காக நான் எதையும் சொன்னதில்லை, சார்."

"ஒத்துக்கறேன்" என்று கிடாரை வாங்கிப் பெட்டியில் வைத்தார். "ஆனா காலேஜ்ல சொல்லாதீங்க. சிரிப்பாங்க."

பூங்காவனத்துக்கு அந்த அறையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மரங்களின் பெயர்களை நான் சொல்லலாம், தெரிந்தவரை. கிடார்கள் வாங்குகிறவர்களிடம் போய்ச் சேரும். நான் எனக்கென்று எதையும் கேட்கவில்லை, எனக்கு வாசிக்கவும் தெரியாது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இரண்டு மீட்டல்கள். முதலாவது உலர்ந்து, சட்டென்று நின்றது. இரண்டாவது உள்ளே இறங்கி நெடுநேரம் அடங்காமல் இருந்தது. கிடார் வேறு, கம்பி வேறு, மீட்டிய விரலின் அழுத்தம் வேறாக இருக்கலாம். மரம்தான் காரணம் என்று நிறுவ என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டும் வேறு வேறாக இருந்தன. எனக்குக் கேட்டது.