ஆணியில் தொங்கிய கையுறை

அந்தக் கையுறை எக்ஸ்ரே அறையின் ஆணியில் சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது. கதிரைத் தடுக்க ஈயம் கலந்த கனத்த ரப்பர்; சீமையிலிருந்து கப்பலில் வந்தது. முப்பதுகளில் மயிலாப்பூரில் ஒரு டாக்டரின் எக்ஸ்ரே நிலையத்தில் நான் நோயாளிகளின் பெயர் எழுதும் குமாஸ்தா. இயந்திரத்தை இயக்கியவர் ராயப்பேட்டையிலிருந்து நடந்தே வரும் ஒரு பாய்.

தினமும் முதல் நோயாளி வருமுன் கதிர்க்குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாய் விளக்கை அணைத்துவிட்டு, ஒளிரும் திரைக்குப் பின்னால் தன் இடக்கையை நீட்டுவார். பச்சை வெளிச்சத்தில் விரலெலும்புகள் தெளிவாகத் தெரிந்தால் குழாய் சரி. கையுறை போட்டால் எலும்பு தெரியாதே! அதனால் அது ஆணியோடு சரி. எங்களுக்கு இது தவறாகவே படவில்லை. அந்தக் கதிரில் சூடும் இல்லை, வலியும் இல்லை. உடம்புக்குள் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைத் தட்டிவிட்டுப் போகும், அந்தக் கெடுதல் பல வருடம் கழித்துப் புண்ணாகவும் புற்றாகவும் வெளியே வரும் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்தது.

முதலில் பாயின் நகங்கள் கறுத்தன. பிறகு தோல் வெடித்து, ஆறாத புண் வந்தது. "பிலிம் கழுவுற மருந்துல கைய வுட்டு வுட்டு இப்டி ஆயிகீது" என்பார். நாங்களும் தலையாட்டுவோம். ஒரு நாள் கட்டுப் போட்ட கையோடு என்னிடம் வந்து, "நைனா, கைய நீட்ட முடில. இன்னிக்கு ஒரு நாளு உன் கைய வையேன்" என்றார். அந்தக் கதிர்தான் காரணமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். பேனாவைத் தேடுவதுபோல் மேஜை இழுப்பறைக்குள் கையை விட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். "சரி வுடு. எயுதுற கை, உனுக்கு வோணும்." அதே புண்பட்ட கையைத்தான் நீட்டினார். அத்தனை பயந்தவன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு விரல்களை எடுத்தார்கள், பிறகு மணிக்கட்டுவரை. புற்று அக்குளுக்கு ஏறிய மழைக்காலத்தில் பாய் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் முதல் நாளே கசாப்புக் கடையில் ஓர் ஆட்டெலும்பை வாங்கிவந்து திரைக்குப் பின்னால் வைத்துக் குழாயைப் பார்த்தார். நன்றாகவே தெரிந்தது. ஓர் ஆட்டெலும்பு! எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

எலும்பை மாட்ட ஆணி வேண்டும் என்றார். கையுறையைக் கழற்றி நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். இப்போது அதன் ரப்பர் உதிர்கிறது. சோர்ந்த பொழுதுகளில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். இன்று வைக்க மனமில்லை, பக்கத்தில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், எனக்கு வேண்டும் என்று பாய் விட்டுவைத்த இந்தக் கையால்.